பர்னிச்சர் பிசினஸ்

கடைத்தெருவில் அவளை எல்லோரும் சோபாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மரச்சாமான் கடையின் பின்கட்டில், தகரக் கூரைக்குக் கீழே, இருபத்திரண்டு வருடமாகப் பழைய சோபாக்களைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அது அவள் கணவன் செய்துவந்த வேலை. அவன் இறந்ததும் கடைக்காரர் வேறு ஆள் தேடினார். ஆள் கிடைக்கும்வரை நான் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தவள்தான். ஆள் கிடைக்கவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அவரும் தேடவில்லை.

சோபா வந்ததும் முதலில் அதைக் கவிழ்த்துப் போடுவாள். அடித்துணியைக் கிழித்தால் அந்த வீட்டுச் சமாசாரம் எல்லாம் கொட்டும். ஹேர்பின், பேனா மூடி, விழுங்காமல் ஒளித்த மாத்திரை, அப்பாவிடம் காட்டாத மார்க் ஷீட். அத்தனையையும் ஒரு துணியில் முடிந்து, வேலை முடிந்ததும் சோபாவோடு அனுப்பிவிடுவாள். எந்த வீடு என்று அவள் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்வதில்லை.

ஒரே ஒரு பொருளை மட்டும் அவள் திருப்பி அனுப்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் தேக்கில் செய்த மூன்று பேர் சோபா ஒன்று வந்தது. கைப்பிடியில் பூ செதுக்கியிருந்தது. அதன் வயிற்றுக்குள் பிறை போல வளைந்த ஊசி ஒன்று கிடந்தது. சோபா தைக்கிறவர்களைத் தவிர வேறு யாரிடமும் அந்த ஊசி இருக்காது. முன்னால் வேலை பார்த்தவன் விட்டுப்போனது என்று எடுத்து வைத்துக்கொண்டாள். இடது மூலை ஸ்பிரிங்கையும் அந்த ஆள் கயிறு போட்டு இறுக்கியிருந்தான். முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றி, வால் வெளியே தெரியாமல் சொருகப்பட்டிருந்தது. இடதுகைக்காரன், ஆனால் வேலை தெரிந்தவன் என்று நினைத்து, அந்த முடிச்சை மட்டும் அவிழ்க்காமல் விட்டாள்.

போன வருடம் மகள் வந்து நின்றாள். வங்கியில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைப் பிடித்திருக்கிறது. பையனின் அப்பா டாக்டர். அவர் வேண்டாம் என்றால் பையன் மீறி வரமாட்டான். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் வந்து பேசட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"சோபா தைக்கிறேன்னு அங்க வாயத் திறந்துராதக்கா" என்றான் தம்பி. டிராவல்ஸ் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்பவன் அவன். இருப்பது ஒரு வண்டி, ஓட்டுவதும் அவனே.

"வேற என்னன்னு சொல்றது?"

"பர்னிச்சர் பிசினஸ்னு சொல்லு. பொய் இல்லையே? பர்னிச்சர்தானே, பிசினஸ்தானே?"

"உன் டிராவல்ஸ் மாதிரியா?"

"நக்கல் பண்ணு. நாளைக்கு பொண்ணு மூக்கச் சிந்திக்கிட்டு நிப்பா, அப்பவும் பண்ணு."

மகள் தலையைத் தூக்காமல், "மாமா சொல்றபடியே சொல்லிடும்மா. ஒரு நாள்தானே" என்றாள்.

அவள் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு டாக்டர் வீட்டு ஹாலுக்குள் நுழைந்தவளுக்கு முதலில் கண்ணில் பட்டது கைப்பிடியில் இருந்த பூ. மனிதர்களைப் பார்க்கும் முன் சோபாவை அடையாளம் தெரிந்துவிட்டது. உட்கார்ந்ததும் கை தன்னால் இருக்கையின் விளிம்புக்குக் கீழே போய், ஸ்பிரிங்கைத் தாங்கும் நாடா இறுக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தது. தம்பி முழங்கையால் இடித்தான்.

"எங்க வீட்ல மூணு தலைமுறையா எல்லார் கையிலயும் பேனாதான்" என்றார் டாக்டர். "நீங்க என்ன பண்றீங்க?"

"பர்னிச்சர் பிசினஸ்" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரின் மனைவி சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து, இருக்கை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலை இடதுகை விரலில் சுற்றினார். இடப்பக்கமாக ஒரு சுற்று, ஒரு இழுப்பு, நகத்தால் ஒரு குத்து. நூலின் வால் காணாமல் போயிற்று. டாக்டர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்க, டீ போடலாம்" என்று அந்த அம்மாள் அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"நாடாவை அழுத்திப் பாத்தீங்களே, அப்பவே தெரிஞ்சுது. நீங்கதான் தைச்சீங்களா?"

"ஆமாங்க. அந்த மூலை முடிச்சு?"

"நான்தான். எங்கப்பாவுக்கு இதே தொழில். பன்னெண்டு வயசுல கையில ஊசியக் குடுத்தாரு. கல்யாணம் பேச வந்தப்ப, பர்னிச்சர் பிசினஸ்னு சொல்லிட்டாரு. முப்பத்தோரு வருஷமா அதையே காப்பாத்திக்கிட்டு வரேன். நீங்க அதே வார்த்தையச் சொன்னதும்தான் நிமிந்து பாத்தேன்."

"எனக்குப் பொய் பொறுக்கல. போய் உண்மையச் சொல்லிடறேன்."

"ஐயோ, வேண்டாம். நீங்க தொழிலப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் எங்கயாவது வாயக் குடுத்து மாட்டிக்குவேன். உங்க பொண்ணு இந்த வீட்டுக்கு வரா, அதுக்கு நான் பொறுப்பு. இது மட்டும் இப்படியே இருக்கட்டும்."

அவள் கைப்பையிலிருந்து வளைந்த ஊசியை எடுத்து நீட்டினாள். எங்கே போனாலும் பையில் கிடப்பதுதான். அந்த அம்மாள் அதை விரலில் உரசிப் பார்த்துவிட்டுத் தேயிலை டப்பாவின் அடியில் புதைத்தார். "இங்கதான் அவரு கை வைக்க மாட்டாரு."

கல்யாணம் நடந்தது. வந்தவர்களிடமெல்லாம் டாக்டர் அவளைக் காட்டி, "சம்பந்தியம்மா. பர்னிச்சர் பிசினஸ். என் மாமனாரும் அதேதான்" என்று கம்பீரமாகச் சொன்னார். அப்போதெல்லாம் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு டாக்டர் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தியம்மா, அந்த சோபாவோட இடது மூலை மறுபடியும் சத்தம் போடுது. ஒரு நாள் வந்து பாருங்களேன்."

"நான்..."

"அன்னிக்கு உக்காந்ததுமே அடியில கை வச்சுப் பாத்தீங்க. என் மாமனாரும் எங்க போனாலும் அப்படித்தான் பாப்பாரு. நான் கிளினிக் போனதும் இவளே அதைக் கவுத்துப் போட்டுக் கட்டுறா. சாயங்காலம் முதுகு வலிங்கறா. நான் தைலம் தேய்க்கிறேன். எத்தனை வருஷமாத் தேய்க்கிறது?"

"அவங்ககிட்ட நீங்களே சொல்லலாமே?"

"முப்பது வருஷம் சொல்லாம இருந்துட்டு இப்பப் போய்ச் சொன்னா, ஏன் அன்னிக்கே சொல்லலன்னு கேப்பா. நீங்க தானா வந்து பாத்த மாதிரி செஞ்சுடுங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

அடுத்த புதன்கிழமை மகளைப் பார்க்கப் போகிறவள் போல, பையில் கயிறும் நாடாவும் எடுத்துக்கொண்டு சோபாக்கா அந்த வீட்டுக்குப் போனாள். டாக்டர் கிளினிக்கில் இருந்தார். சம்பந்தியம்மாள் தேயிலை டப்பாவைத் திறந்தார்.