பின்னால் நின்ற சிவப்புக் கவுன்

தொண்ணூறுகளில் இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் வீடியோ எடுக்கத் தொடங்கியபோது கேமராவைத் தோளில் சுமக்க வேண்டும். லைட் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அந்தக் கேமராவில் அழகு கிடையாது. ஆனால் முன்னால் நிற்பவரும் தெரிவார், பின்னால் நிற்பவரும் தெரிவார். கல்யாணமோ சாவோ, கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டே போவேன். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அதுதான் வீடியோ. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்து, அதை வைத்தே நாலு வருஷம் சண்டை போடுவார்கள்.

இரண்டாயிரங்களின் கடைசியில் டி.எஸ்.எல்.ஆர். வாங்கினேன். போட்டோ எடுக்கிற கேமராவிலேயே வீடியோவும் எடுக்கலாம் என்பது அப்போது புதுசு. லென்ஸை முழுதாகத் திறந்து ஒருவர் முகத்தில் வைத்தால் அவர் மட்டும் துல்லியமாகத் தெரிவார். பின்னால் இருப்பதெல்லாம் மூடுபனிக்குள் போன மாதிரிக் கரைந்துவிடும். ஹட்டனில் எனக்குத் தெரிந்த வேறு யாரிடமும் அது இல்லை. தலைகால் புரியாமல் ஆடினேன்.

அந்த நேரத்தில்தான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய மாமியார் அன்று காலை இறந்திருந்தார். செத்தவருக்கு ஒரே மகள், இவருடைய மனைவி. அவள் ஆறு வருஷமாக வெளிநாட்டில் வீட்டுவேலை. அந்த வீட்டம்மா லீவு கொடுக்கவில்லை.

"அவ ஆத்தா மொகத்த ஒருக்கா பாக்கணும்னு அழுவுறாண்ணே. நல்லா எடுத்துக் குடுங்க" என்றார்.

நன்றாகத்தான் எடுத்தேன். வேலைக்குப் போகாமல், வரிசை வீடுகளான லயமே கூடி நின்றது. தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே நான் அந்தம்மாவின் முகத்தோடு ஒட்டிக்கொண்டேன். நெற்றியில் வைத்த காசும் கன்னத்துச் சுருக்கமும் அவ்வளவு தெளிவு. சுற்றி நின்ற சனமெல்லாம் வெறும் நிறத் திட்டுகள். முகம் முகமாகக் காட்டும் பழைய வழக்கத்தை, அது பட்டிக்காட்டு வேலை என்று விட்டுவிட்டேன்.

அதே நாட்டுக்குத் திரும்பிப் போன ஒரு பெண்ணிடம் டிவிடியைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து மகள் எனக்கே போன் எடுத்தாள். உறையில் என் நம்பர் இருந்தது.

"அம்மா தூங்குற மாதிரியே இருக்குங்கண்ணே" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒன்று கேட்டாள்.

"தலமாட்டுக்குப் பொறத்தால செவப்புக் கவுனு போட்டு ஒரு புள்ள நிக்கிது. அது எம் மகளாண்ணே? மொகந் தெரிய மாட்டேங்குது."

மகளை நாலு வயதில் விட்டுப் போனவள். கொஞ்ச மாதங்களாக எப்போது போன் எடுத்தாலும், பிள்ளை ஸ்கூலுக்குப் போயிருக்கிறது, தூங்குகிறது என்று புருஷன் சொல்கிறாராம். குரலைக்கூடக் கேட்கவில்லையாம்.

"நாளைக்கு அக்ரிமென்ட்ல கையெழுத்துக் கேக்குறாங்கண்ணே. புள்ள நல்லா இருக்குன்னா இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வந்துருவேன். இல்லாட்டி இப்பவே வந்துருவேன். அவரு சொல்றத நம்ப முடியல. நீங்க நேர்ல பாத்தவரு, சொல்லுங்க."

நான் எங்கே பார்த்தேன்? ஓரத்தில் ஒரு சிவப்பு இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அது யார் பிள்ளை என்று கேட்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவளை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

"ஆமா தங்கச்சி, ஒங்க மகதான். நல்லா வளந்துருக்கு" என்றேன்.

"போதும்ணே" என்று அழுதாள்.

சொன்ன பிறகு மனசு உறுத்தியது. அந்தப் பிள்ளையை மட்டும் முகம் தெரிய எடுத்து அனுப்பிவிடுவோம் என்று இரண்டு வாரம் கழித்து பஸ் ஏறினேன். அவள் புருஷன் மரியாதையாக உட்காரவைத்து, பால் இல்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். மகளைக் கூப்பிடச் சொன்னேன்.

"அது இங்க இல்லண்ணே" என்றார். "கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு நிக்கிது. கெழவி சாகுறதுக்கு முந்தியே போயிருச்சு. சாவுக்குக்கூட அனுப்பல."

பத்து வயதுப் பிள்ளை. தாயை எந்த வேலை பிடித்து வைத்திருந்ததோ அதே வேலை. சிவப்புக் கவுன், லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருந்தவர்களின் மகளாம்.

"அவகிட்ட சொல்லிறாதீங்க. எஞ் சொல்ல அவ நம்பவே இல்ல. நீங்க ஆமான்னு சொன்ன பொறவுதான் மனசு ஆறிக் கையெழுத்துப் போட்டா. இந்த ஒதவிய மறக்க மாட்டேண்ணே."

கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பிளேன்டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதை நினைத்தால் இன்றும் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அவள் பேசிய நம்பர் என் போனில் இருந்தது. அந்த இரண்டு வருஷமும் நான் கூப்பிடாமலே இருந்தது.