உப்புப் பூத்த தொட்டிகள்

மண்தொட்டியின் வெளிப்பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகப் படர்வதை எல்லாரும் அழுக்கு என்றுதான் நினைக்கிறார்கள். அது உப்பு. ஊற்றுகிற தண்ணீரில் இருக்கிற உப்பு மண்ணுக்குள் இறங்கி, தொட்டியின் சுவர் வழியாகக் கசிந்து, வெயில் பட்டதும் வெளியே பூத்து நிற்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், பெங்களூர் சாலையோரம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஓர் இரும்புச் சாமான் கம்பெனியில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கும் இது தெரியாது. தினமும் தேய்த்தேன். ஈரம் இருக்கிற வரைக்கும் தொட்டி சிவப்பாக இருக்கும். காய்ந்ததும் பழையபடி வெளுத்துப்போகும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல் வரைக்கும் இருபத்து நான்கு தொட்டிகள். எல்லாம் குரோட்டன்ஸ். தேய்ப்பது, கிளறுவது, பழுத்த இலை கிள்ளுவது என் வேலை. போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவதற்கு இன்னொருத்தி இருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். இரண்டு பேருமே கேஷுவல். காலையில் கேட்டில் நின்று, உள்ளே விட்டால் வேலை, விடாவிட்டால் வீடு.

அந்த வருஷம் பர்மனென்ட் ஆக்குகிற லிஸ்ட் போடப்போவதாகப் பேச்சு இருந்தது. தோட்டத்துக்கு ஒரே ஓர் ஆள் என்றார்கள். என் வீட்டுக்காரருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். ஏரி நிறைந்தால் பயிர், நிறையாவிட்டால் பட்டினி. இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த லிஸ்டில் என் பேர் வந்தே ஆகவேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

ஒருநாள் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸிலிருந்து காரில் வந்து போகிறவர், எதைப் பார்த்தாலும் விரலால் தடவிப் பார்க்கிற ஆள்.

"என்னம்மா இது, தொட்டியெல்லாம் சொறி புடிச்ச மாதிரி இருக்கு? அடுத்த வாரம் முதலாளி வர்றாரு. இது அவர் கண்ணுல பட்டுச்சுன்னா லிஸ்ட்ல உன் பேரு இருக்காது, சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து பேய் மாதிரி தேய்த்தேன். தேங்காய் நார், செங்கல் தூள், சாம்பல், ஒன்றையும் விடவில்லை. நிழல் பக்கம் பச்சைப் பாசி பிடித்திருந்தது; அது சாம்பலுக்கு மசிந்து வந்துவிட்டது. வெள்ளை மட்டும் போகவில்லை. பித்தளைக் குடத்துக்குப் போடுகிற மாதிரி புளி போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று ஆனது. வீட்டிலிருந்த பழம்புளியை எல்லாம் கம்பெனிக்குச் சுமந்தேன். வீட்டுக்காரர், "கொழம்புல புளிய காணோம், தொட்டிக்குத்தான் விருந்தா?" என்றார். மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அத்தனை தொட்டியிலும் மறுபடி வெள்ளை. அழுகையே வந்துவிட்டது.

கம்பெனிக்குள் சாமான்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷாப்பில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். எனக்கு அண்ணன் முறை. டீ குடிக்க வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார்.

"இன்னா தங்கச்சி, ஒக்காந்து தேச்சிகினே கீற? ஒரு கோட்டு ரெட் ஆக்ஸைடு வுட்டா முடிஞ்சி பூடும்."

"அது இரும்புக்கு அடிக்கறதாச்சேண்ணே?"

"எதுக்கு அடிச்சா இன்னா? கறைய மறைக்கணும், அவ்ளோதானே?"

இரும்புக் கம்பெனிக்காரர்களுக்குக் கறை என்றால் துருதான். துரு என்றால் சுரண்டு, பிரைமர் அடி, வேலை முடிந்தது. அங்கே ஒரு வருஷம் இருந்ததில் எனக்கும் அந்தப் புத்தி வந்திருந்தது. சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நானும் அந்த அண்ணனுமாக உட்கார்ந்து இருபத்து நான்கு தொட்டிக்கும் அடித்து முடித்தோம். தண்ணீர் ஊற்றுகிறவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கல்யாண வூடு மாதிரி கீதுக்கா" என்றாள்.

முதலாளி வந்தார். காரை விட்டு இறங்கியதும் தொட்டிகளைத்தான் பார்த்தார். "வெரி நீட்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு மானேஜர் முகம் மலர்ந்தது. பத்து நாளில் லிஸ்ட் ஒட்டினார்கள். என் பேர் இருந்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் ஆர்டர் கையில் கிடைக்கும் என்றார்கள். பர்மனென்ட் ஆட்கள் கட்டுகிற நீலப் புடவை மட்டும் உடனே கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு நான் நடந்த நடையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு மாதத்தில் குரோட்டன்ஸ் இலைகளைக் கொட்ட ஆரம்பித்தது. முதலில் நான்கைந்து தொட்டி, பிறகு பாதிக்கு மேல். எப்போதும்போலத்தான் தண்ணீர் விட்டோம், ஆனால் மேல்மண் காயவே இல்லை. ஒருநாள் காலையில் ஒரு செடியைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேரெல்லாம் கறுப்பு, சாக்கடை நாற்றம். தொட்டியை நகத்தால் சுரண்டினேன். பெயிண்ட் தோல் மாதிரி உரிந்தது. அடியில் ஈரம் கோத்து நின்றது. மண்தொட்டி சுவர் வழியாகத்தான் ஈரத்தை வெளியே விடும். நாங்கள் அதன் வாயை அடைத்துவிட்டோம். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. செடியை அப்படியே திரும்ப நட்டு, மண்ணை அழுத்திவிட்டு எழுந்தேன்.

அன்றைக்கே மானேஜர் வந்து நின்றார்.

"செடியெல்லாம் ஏன் இப்படி அழுகுது? தண்ணி ஊத்தறது யாரு?"

"அவதான் சார்" என்றேன்.

கேட்டதற்குப் பதில் சொன்னேன். பொய் சொல்லவில்லை. பல வருஷம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் ஓடி வந்தாள். "தொட்டிக்கு ரெண்டு சொம்புதான் சார் ஊத்தறேன், ஒரு சொட்டு அதிகமா ஊத்தல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லுக்கா" என்றாள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் என்று வாயைத் திறந்தால் என் ஆர்டர் போய்விடும். அது மட்டும்தான் என் மண்டைக்குள் ஓடியது. மறுநாள் கேட்டில் அவளை உள்ளே விடவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் மத்தியானம் வரைக்கும் நின்றுவிட்டுப் போனாள் என்று செக்யூரிட்டி சொன்னார். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. பழைய தொட்டிகள் ஆகாது என்று சொல்லிப் புதுத் தொட்டிகள் வாங்கவைத்து, பிழைத்த செடிகளை மாற்றி நட்டேன். புதுத் தொட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் நட வேண்டும் என்பதெல்லாம் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டது. உப்பை ஈரத்தோடு தேய்க்கக்கூடாது. காய்ந்திருக்கும்போது துடைப்பக்கட்டையால் தட்டினாலே பாதி உதிர்ந்துவிடும். மீதிக்குப் புளித்தண்ணீர், அது மண்ணில் படாமல். வாரம் ஒருநாள் ஏரித் தண்ணீரை அடி ஓட்டை வழியாக வழிகிற அளவுக்கு ஊற்றினால் உள்ளே இருக்கிற உப்பும் கழுவிக்கொண்டு போய்விடும். அப்படியும் கொஞ்சம் பூக்கும். பூத்தால் பூக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் ஆர்டர் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

நாலைந்து வருஷம் கழித்து, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவளைப் பார்த்தேன். தாம்பரம் பக்கம் போகிற ரயிலுக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒதுங்கிப் போவதற்குள் அவளே கூப்பிட்டாள். பக்கத்தில் இடம் விட்டு உட்காரச் சொன்னாள். என் பெண்களை விசாரித்தாள். ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறதாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"அந்தச் செடிங்கோ பொழச்சிக்கிச்சாக்கா?"

"பாதி பொழச்சிது" என்றேன்.

"நான்தான் அதிகமா ஊத்திட்டேன் போல கீது. அப்போ தெரியல. இப்போ வூட்டுல தொளசிக்குக்கூட பயந்து பயந்து ஊத்தறேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "நீ ஒண்ணும் அதிகமா ஊத்தல. அது பெயிண்டு. நான் அடிச்ச பெயிண்டுதான் செடிய கொன்னுச்சி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை, கணக்குப் போடுகிற மாதிரி பார்த்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். அவரு வந்து கேக்கறதுக்கு முன்னாடியே தெரியும்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். காலடியில் வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்து, பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போய் நின்றாள். ரயில் வந்தது. அவள் முன் பெட்டியில் ஏறினாள். நான் கடைசிப் பெட்டியில் ஏறினேன்.