நுகாடாவின் முன்சக்கரம்

எங்கள் ஹமாமட்சுவில் தடுக்கி விழுந்தால் பைக் செய்கிறவர் மேலோ பைக் ஓட்டுகிறவர் மேலோதான் விழ வேண்டும். இந்த ஊரிலேயே பிறந்து, ஐம்பது வயது தாண்டும்வரை சைக்கிளைத் தவிர வேறு எந்த இருசக்கர வண்டியிலும் ஏறாமல் ஒரு மனிதர் இருந்தார் என்றால், அது நுகாடாதான். பிள்ளைகள் டோக்கியோவுக்குப் போய்விட்டார்கள். வீடு வெறிச்சென்று ஆனது. மனிதர் திடீரென்று பெரிய வண்டிக்கான லைசென்ஸை எடுத்தார். எடுத்த கையோடு கடையிலேயே மிகவும் மூர்க்கமான ரேஸ் பைக்காகப் பார்த்து வாங்கினார். அவர் வீட்டுக் காரைவிட இரண்டு மடங்கு வலுவுள்ள வண்டி. நீச்சல் பழகப் போகிறவன் நேராக நடுக்கடலில் குதித்த மாதிரி.

அவருக்கு வேலை லிஃப்ட் சோதனை. ஒவ்வொன்றையும் விரலால் சுட்டிக்காட்டி, "கயிறு, சரி. கதவு, சரி" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். ஜப்பானில் வேலையிடத்தில் எல்லோரும் செய்வதுதான். பள்ளிப் பேருந்து ஓட்டும் நானும் தினமும் காலையில் செய்கிறேன். ஆனால் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு, "அணைஞ்சாச்சு, சரி" என்று விரல் நீட்டுகிற ஆசாமி எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

அவர் மனைவி மசாயோ முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். வண்டி வீட்டுக்கு வந்த அன்றே கணவரை நாற்காலியில் உட்காரவைத்து, காதோரம் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நிபந்தனை போட்டாள்.

"ஒரே ஒரு தடவ விழுந்தாலும் வண்டிய வித்துடணும். சம்மதமா?"

கத்தரிக்கோல் அங்கே இருக்கும்போது எவன் சம்மதிக்க மாட்டான்?

அந்த வருடம் முழுக்க நுகாடா ஓட்டிய லட்சணத்தை நான் கண்ணால் பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் ஏரியைச் சுற்றிவிட்டு வருவோம். அவர் எப்போதும் கடைசி. புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்கும், வளைவுகளில் சாய்த்து ஓட்ட ஓட்டத் தேய்ந்துவிடும். நுகாடாவின் டயர் ஓரங்களில் வருடம் ஆகியும் அந்த முடிகள் அப்படியே இருந்தன.

"மசாயோ சான்கிட்ட சொல்லி டயருக்கும் ஒரு தடவ முடி வெட்டச் சொல்லுங்க," என்றார் கிதாமி. எங்கள் வண்டிகளையெல்லாம் பார்க்கிற மெக்கானிக் அவர்; வாயை அடக்கத் தெரியாத மனிதர்.

நுகாடாவின் பயம் முன்சக்கரத்தின் மேல். ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் முன்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிடும், வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து தன் மேலேயே விழும் என்று கனவிலெல்லாம் கண்டார். இத்தனைக்கும் அந்த வண்டியில் அதைத் தடுக்கவே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. சக்கரம் எழும்பப் போகிறது என்று தெரிந்த கணமே அது இன்ஜினின் மூச்சைப் பிடித்து இறக்கிவிடும்.

"நம்ப மாட்டேன்," என்றார் நுகாடா. "எழும்பவே எழும்பாதுன்னு உறுதி சொல்ல முடியாதுன்னு கம்பெனிக்காரனே புத்தகத்துல போட்டிருக்கான்."

கிதாமிக்குப் பொறுக்கவில்லை. "லிஃப்ட்ல ஏறப் பயப்படற பாட்டிமாருங்ககிட்ட என்ன சொல்லுவீங்க?"

"கயிறே அறுந்தாலும் கீழ விழாது, உள்ள ஒரு பல் இருக்கு, தண்டவாளத்தக் கவ்விப் பிடிச்சுக்கும், தைரியமா ஏறுங்கன்னு சொல்லுவேன்."

"பாட்டிங்க நம்பி ஏறுறாங்க இல்ல? நீங்க உங்க வண்டிய நம்ப மாட்டீங்களா? இது எந்த ஊர் நியாயம்?"

நுகாடாவுக்கு அந்தச் சொல் எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு வந்தவர் வேறு ஆள். புதிதாக மதம் மாறியவர்களுக்கு வருமே ஒரு வேகம், அது வந்துவிட்டது. "நம்பறதுன்னு முடிவு பண்ணிட்டா முழுசா நம்பணும், மகினோ சான்," என்று எனக்கே பாடம் நடத்தினார். "பாதி நம்பிக்கைதான் ஆபத்து. முறுக்கிட்டுக் கைய எடுக்காம இருக்கணும். மிச்சத்த அது பாத்துக்கும்." நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க, சொந்த வண்டியை ஓட்டிக்கொள்ள அனுமதிக்கும் ஒரு நாளாகப் பார்த்து ரேஸ் டிராக்கில் பெயரும் கொடுத்துவிட்டார். மசாயோவும் வந்தாள். கணவரின் நம்பிக்கையைப் பார்க்க வந்தாளா, வண்டி விற்கப்படும் நாளை நேரில் பார்க்க வந்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

டிராக்கில் சில சடங்குகள் உண்டு. விழுந்தால் கண்ணாடி சிதறக் கூடாது என்பதற்காக விளக்குகள்மேல் டேப் ஒட்ட வேண்டும். பிரேக் விளக்கு பின்னால் வருகிறவரைக் குழப்பாமலிருக்க அதன் ஃப்யூஸைப் பிடுங்கிவிடுவார்கள். புதியவர்கள் வேகத்தையே பார்த்துக்கொண்டு போகக் கூடாது என்று மீட்டரில் எண் தெரியும் இடத்தையும் மூடச் சொல்வார்கள். நாங்கள் ஒரு துண்டு டேப்பை எண்ணின்மேல் அப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவோம். நுகாடா மீட்டர் முழுவதையும் மூடினார். விளிம்போடு விளிம்பு பொருத்தி, நகத்தால் தேய்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மூடினார். பிறகு சீட்டைக் கழற்றி, பிடுங்கிய ஃப்யூஸைச் சின்னப் பையில் போட்டு, விரல் நீட்டினார்.

"விளக்கு, சரி. மீட்டர், சரி. ஃப்யூஸ், சரி."

"பூஜை முடிஞ்சுதா சாமி?" என்றார் கிதாமி.

நானும் மசாயோவும் படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்து அவள் கொண்டுவந்த சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்தோம். முதல் சில சுற்றுகள் நுகாடா நுகாடாவாகவே போனார். எல்லோரும் அவரைத் தாண்டினார்கள். அப்புறம் கடைசி வளைவிலிருந்து நேர்ப்பாதைக்கு வந்தார். அந்த இடத்தில் பாதை லேசாக மேடேறும். அங்கே வைத்து, முடிந்த மட்டும் முறுக்கினார்.

முன்சக்கரம் எழுந்தது. ஒரு சாண், அப்புறம் முழங்கால் உயரம், அப்புறம் வண்டியின் வயிறே எங்களுக்குத் தெரிந்தது.

"எழும்பாதுன்னுதானே சொன்னாரு?" என்றாள் மசாயோ. என் மணிக்கட்டை அவள் பிடித்த பிடியில் அடுத்த நாள்வரை சிவப்பு இருந்தது.

பிறகு சக்கரம் மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டது. வண்டி ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு நேராகப் போனது.

உள்ளே வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய நுகாடாவின் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "பாத்தீங்களா? தொட்டில்ல குழந்தையக் கிடத்துற மாதிரி இறக்கிச்சு. என்ன மூளை, என்ன மூளை." சொல்லிவிட்டு, கொஞ்சம் வெட்கத்துடன் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் துரோகி. கடைசி நிமிஷத்துல பயந்து, முறுக்குன கையக் கொஞ்சம் தளர்த்திட்டேன். முழுசா நம்பியிருக்கணும்."

கிதாமி சிரித்துக்கொண்டே மீட்டர் டேப்பை உரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றது. மீட்டரில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. ஒன்றும் பேசாமல் சீட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். நுகாடாவின் சின்னப் பையை வாங்கி, ஃப்யூஸை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நுகாடா சான், இது பிரேக் விளக்கோடது இல்ல. பக்கத்துல இருக்கறது, பிரேக்குக்கான ஏபிஎஸ். சக்கரம் எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றதே அதுதான். காலையிலேருந்து கம்ப்யூட்டர் குருடா இருந்திருக்கு."

"அப்ப இறக்கினது?"

"அந்தத் துரோகியோட கைதான்."

நுகாடா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்ததில் பாதி சட்டையில் போனது. கேலி செய்யலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், முடியவில்லை. மனிதர் இன்னும் ஒரு நொடி தன் நம்பிக்கையில் உறுதியாக இருந்திருந்தால் நாங்கள் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருப்போம்.

மசாயோ கழிப்பறைக்குப் போயிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. "விழலையே. நிபந்தனை விழுந்தாத்தானே. வாய மூடிட்டு இருங்க," என்றார் கிதாமி. நானும் தலையாட்டினேன். ஆனால் நுகாடாவின் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. அடிபடாவிட்டாலும், நூலிழையில் தப்பினால்கூட, அதை எல்லோர் முன்னும் எழுந்து சொல்லியாக வேண்டும். முப்பது வருடப் பழக்கம் அவரை விடுமா? திரும்பும் வழியில் கியோசா என்ற இறைச்சிக் கொழுக்கட்டை விற்கும் கடையில் தட்டு வந்து வைத்ததும் மனிதர் எழுந்து நின்றார். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மசாயோ, ஒண்ணு சொல்லணும். விழல. ஆனா விழ இருந்தேன்." எந்த ஃப்யூஸ், எந்த டேப், எப்படிச் சுட்டிக்காட்டிச் 'சரி' சொன்னது என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசியில் இடுப்பு வளையக் குனிந்தார். "வண்டிய நாளைக்கே வித்துடறேன்."

மசாயோ ஒரு கியோசாவை எடுத்துத் தொட்டுத் தின்றாள். அவளுக்கு அவசரம் என்பதே கிடையாது.

"உக்காருங்க. சக்கரம் மேல போனப்ப என்ன நெனச்சீங்க?"

"மிஷின் பாத்துக்கும்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"பயம் வந்துடுச்சு. முறுக்குன கை தானா தளர்ந்துடுச்சு."

அவள் கிதாமி பக்கம் திரும்பினாள். "அந்தச் சக்கரம் தூக்காமப் பிடிக்கிற சமாச்சாரத்த மட்டும் அணைச்சு வைக்க முடியுமா?"

"முடியும், பட்டன் இருக்கு. ஆனா அக்கா, அது பாதுகாப்புக்குன்னு..."

"பிரேக்கு கிரேக்கெல்லாம் இருக்கட்டும். இது மட்டும் வேணாம். ஒரு வருஷம் பயந்து பயந்து ஓட்டினாரு, ஒரு கீறல் இல்ல. நம்ப ஆரம்பிச்ச மாசமே சக்கரம் வானத்தப் பாக்குது." கணவரின் தட்டில் இரண்டு கியோசாவைத் தள்ளிவைத்தாள். "அந்த மிஷின எனக்குத் தெரியாது, கிதாமி சான். இவரத் தெரியும். பயந்தா இவர் கை ஒழுங்கா வேலை செய்யும். நான் இவர நம்பறேன். வண்டி வீட்டுலயே இருக்கட்டும்."

கிதாமிக்குப் பேச வாய் எழவில்லை. வாழ்க்கையில் அவருக்கு அப்படி நடந்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த ஞாயிறு மசாயோ வீட்டுச் செருப்போடு வாசலுக்கு வந்து, தானே அந்தப் பட்டனை அழுத்தி, மீட்டரில் அது அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். நுகாடா கிளம்பினார். பழைய வேகமே. ஒரு பாட்டியின் மொபெட் எங்களைத் தாண்டிப் போனது. அன்று துணைக்கு அவர் பின்னால் உருட்டிக்கொண்டு போக எனக்கு எரிச்சலாக வந்தது. ஏரிக்கரைச் சிக்னலில் பக்கத்தில் நிறுத்தி நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினேன்.

அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது.

"மகினோ சான், கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. என்னை நம்பறேன்னு அவ சொன்னது அன்னைக்குத்தான்."

பச்சை விழுந்தது. அவர் கிளம்பவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.