பெரட்டு நேரத்தில் பாதியில் நின்ற படம்

இன்று காலை லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆபீஸ் ஒன்றுக்கு, நாங்கள் செய்த வெப் அப்ளிகேஷனைக் காட்டப் போனோம்.

நாங்கள் என்றால் நானும் முருகேசும். பதுளையில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு கம்ப்யூட்டர் போட்டு நடத்துகிறோம். (கம்பெனி என்று சொன்னால் பேக்கரிக்காரரே சிரிப்பார்.)

முருகேசின் கையில் கத்தார் விசா இருக்கிறது. இந்த வேலை அமைந்தால் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

விடியற்காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டைத் திரையிலேயே செய்ய வேண்டும். தோட்டத்துப் படத்தில் ஒரு பெயரை மவுசால் இழுத்து எந்த மலையில் விடுகிறோமோ, அங்கே அவருக்கு அன்றைய வேலை.

இதை ஃபிளாஷில் செய்வதா, ஜாவாஸ்கிரிப்டில் செய்வதா என்று எங்களுக்குள் பெரிய சண்டை.

"படம் வழுக்கிக்கிட்டு ஓடணும் அக்கா. ஃபிளாஷ்தான் சரி."

"அது எல்லா கம்ப்யூட்டர்லயும் ஓடாதுடா."

முகம் கொடுத்துப் பேசாத நாட்கள்கூட உண்டு. கடைசியில் அவன்தான் ஜெயித்தான்.

முதல் பஸ்ஸைப் பிடித்துப் பெரட்டு நேரத்துக்கே போய்விட்டோம். ஆபீஸ் போன் வயரைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டி இன்டர்நெட் எடுத்தோம். படம் பாதி வந்திருக்கும். பெரிய கிளாக்கர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"தம்பி, லைன கொஞ்சம் விடுறீங்களா? மத்த டிவிசன்லேர்ந்து ஆள் கணக்கு சொல்ற நேரம். இருக்கிறது இந்த ஒரு போன்தாங்க."

விட்டதுமே மணி அடித்தது. அவர் வைக்க வைக்க அடுத்தடுத்த டிவிஷன். போன் ஓய்ந்தபோது ஆட்கள் மலை ஏறிவிட்டார்கள். கிளாக்கர் திரையில் நின்ற பாதிப் படத்தைப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பெரட்டு முடிஞ்சப்புறம் இது எதுக்குங்க? வேணாம்னே தொரைகிட்ட சொல்லிர்றேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலித்தது.

நாங்கள் இருவருமே தோட்டத்து லய வீடுகளில் பிறந்தவர்கள். காலையில் ஆபீஸ் போன் ஓயாமல் அடிப்பதைக் கேட்டே வளர்ந்தோம். ஃபிளாஷோ ஜாவாஸ்கிரிப்டோ, எதில் எழுதியிருந்தாலும் இதே கதிதான்.

திரும்பும் பஸ்ஸில் முருகேசு என் பக்கம் திரும்பினான்.

"அந்த நேரத்துல லைன் கிடைக்காதுன்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியும்ல அக்கா?"

"தெரியும்டா."

பசறை தாண்டியதும் கத்தாருக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் போட்டான். "நான் வர்றேங்க. டிக்கெட் போட்டுருங்க."

அந்த லைன் மட்டும் முதல் தடவையிலேயே கிடைத்தது.