மே பதின்மூன்றுக்குச் செய்தி தேடியவள்

காலையில் எழுந்ததும் கைப்பேசியைப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்க்காமல் இருந்ததில்லை. கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. குப்பை லோரி வரவில்லை, யார் வீட்டு நாயோ ஓடிவிட்டது என்பவற்றுக்கு நடுவில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அங்கிள் தவறாமல் 'வரலாற்றில் இன்று' என்று ஏதாவது அனுப்புவார். இன்றைக்கு மே பதின்மூன்று. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்த நாளாம். இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு பதினோரு கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட நாளாம். வத்திக்கானில் போப்பாண்டவரைச் சுட்ட நாளாம். கீழே ஒரு பூங்கொத்து, காலை வணக்கம். நம் ஊரைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அங்கிளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அதே வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவள் நான்.

எண்பதுகளில் கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருந்தேன். ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் அலுவலகம். கீழே மிளகாய் அரைக்கும் மில். படியேறும்போதே அச்சு மையும் மிளகாய் நெடியும் கலந்து மூக்கில் ஏறும். படியில் தும்மல் சத்தம் கேட்டால் யார் வந்தது என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் தும்முவது பூனை தும்முவதுபோல் இருக்குமாம்.

மூன்றாம் பக்கத்து மூலையில் வரும் 'இதே நாளில்' என்ற கட்டம் என் பொறுப்பு. அட்டை போன ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை வைத்துக்கொண்டு நாளுக்கு நாலு செய்தி எடுத்து எழுதுவேன். ஒரு ராஜா முடிசூடியிருப்பார், எங்கோ பூமி அதிர்ந்திருக்கும், ஒருவர் எதையாவது கண்டுபிடித்திருப்பார். அந்தக் காலத்துப் பிங்க் நிற மினி பஸ்ஸில் ஒருவரையொருவர் தெரியாதவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு போவதைப்போல, சம்பந்தமே இல்லாதவர்கள் எல்லாம் ஒரே தேதிக்குள் ஏறி நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சில நாளுக்கு ஆளே கிடைக்காது. சில நாளில் ராஜாவைக்கூட இறக்கிவிட வேண்டியிருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த வருடம், மே பதின்மூன்று கட்டத்தில் ஒரு வரி எழுதிவிட்டேன். '1969: கோலாலம்பூரில் இனக் கலவரம்.' ஆசிரியர் கூப்பிட்டார். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணே என்றுதான் சொல்வோம். வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்.

"என்னாம்மா, நம்ம எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் போறியா? மே பதிமூணு வந்தா வெளிநாட்டுக்குப் போயிடு. பிரேசில் நல்ல ஊரு லா. அங்கேருந்து எவனும் வந்து பத்திரிகை லைசன்ஸ் கேக்க மாட்டான்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் பிரேசில், கைதிக் கப்பல்கள், போப்பாண்டவர். ஆனால் அந்த நாளை வெளிநாட்டுக்கு அனுப்புவது பத்திரிகையில்தான் முடிந்தது. வீட்டில் முடியவில்லை.

எங்கள் வீடு பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா ரயில்வேயில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக அரசாங்கச் சம்பளம் வாங்கிய குடும்பம். மழையென்றும் காய்ச்சலென்றும் அப்பா வேலைக்கு மட்டம் போட்டதில்லை. ஆனால் வருடா வருடம் மே பதின்மூன்றுக்கு மட்டும் லீவு எழுதிக் கொடுத்துவிடுவார். யாருக்கோ திவசம் என்று அவருடைய அலுவலகத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாளே அரிசி, மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய், சார்டின் டின்கள் எல்லாம் வந்து இறங்கும். குளியலறைத் தோம்புத் தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரை நிறையும். விடிந்ததும் முன்பக்கத்து இரும்புக் கிரில்லுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்பில் செருகிக்கொள்வார். மறுநாள் விடியும்வரை ஒருவரும் வெளியே போகக்கூடாது. தெருவில் ஒன்றும் இருக்காது, அதுதான் வேடிக்கை. ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு போவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள், பக்கத்துக் கடையில் பாட்டு ஓடும். கிரில்லுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மட்டும் போர்க்காலத்தில் இருப்போம். பள்ளிக்கூடத்தில் எனக்கு வருடத்துக்கு ஒருமுறை, சரியாக ஒரே தேதியில், வயிற்றுவலி வரும். என் வகுப்பாசிரியை அதைக் கண்டுபிடித்து, "உன் வயித்துக்கு காலண்டர் பார்க்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

இன்றைக்கும் வெங்காயத்தோடு சார்டின் வதங்கும் வாசனை வந்தால், வீட்டின் எல்லாக் கதவுகளும் மூடியிருக்கின்றனவா என்று என் கண் தானாகப் பார்க்கும்.

மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் நடுவில் அந்தக் கலவரம் நடந்தபோது எனக்கு மூன்று வயது. நினைவில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியவர்கள் பேச்சில் சிந்தியவைதான். அப்போது சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தார். அன்று மாலை ஏதோ வாங்கக் கடைக்குப் போனவர் திரும்பவில்லை. ஊரடங்கு வந்துவிட்டது. அப்பா கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் பெயின்ட் தேய்ந்தது என்று அம்மா சொல்வார். பிறகு, ஊரடங்கைக் கொஞ்சம் தளர்த்திய ஒரு காலையில், யாருடையதோ ஒரு சாரத்தைக் கட்டிக்கொண்டு சித்தப்பா நடந்து வந்தார். யாரோ ஒளித்து வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. யார், எங்கே, அதற்கு முன்னால் என்ன பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை. கல்யாணமாகிக் காஜாங்குக்குக் குடி போனபிறகும் சொல்லவில்லை.

ஆனால் மே பதின்மூன்று காலையில் காஜாங்கிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். உள்ளே வரமாட்டார். கிரில்லுக்கு வெளியே நின்று, கம்பி வழியாகப் பேப்பரை நீட்டி, "கைதியள் எப்படிச் சுகம்?" என்று கேட்பார். அப்பா சிரிக்கமாட்டார். அண்ணனும் தம்பியும் கம்பிக்கு இரண்டு பக்கமும் நின்று கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு அவர் போய்விடுவார். அந்தத் தேதியில் வெளியே நடமாடிய ஒரே ஆள் எங்கள் குடும்பத்தில் அவர்தான்.

எண்பத்தெட்டில் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வு வந்தது. பத்திரிகை வேலை எனக்குப் பிடிக்கும்தான், ஆனால் நான் ஆசைப்பட்டது வகுப்பறைக்கு. இரண்டு முறை விண்ணப்பித்து, அந்த முறைதான் கூப்பிட்டிருந்தார்கள். அரசாங்கக் கடிதம் என்றால் அப்பா கையைக் கழுவிவிட்டுத்தான் பிரிப்பார். பிரித்தார், தேதியைப் பார்த்தார், மடித்து வைத்தார். மே பதின்மூன்று, காலை பத்து மணி.

மற்ற வீடாக இருந்தால் சண்டை நடந்திருக்கும். எங்கள் வீட்டில் கடிதம் போயிற்று. வேறு நாள் கேட்டு, 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று சுத்தமான அலுவலக மலாயில் அப்பாவே டைப் அடித்தார். அரசாங்கம் தன் தேதியை எங்கள் பயத்துக்காக மாற்றிக்கொள்ளும் என்று நம்ப, வாழ்நாள் முழுவதும் அரசாங்கத்தில் வேலை பார்த்த ஒருவரால்தான் முடியும். என்ன காரணம் என்று திருப்பிக் கேட்டால் என்ன எழுதுவீர்கள் என்றேன். அப்பா உறையை ஒட்டினார். அங்கிருந்து பதில் வரவில்லை.

அன்று காலை நான் சேலை கட்டி, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அப்பா கிரில்லுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, திறவுங்கோ. பத்து மணிக்கு அங்க நிக்கோணும்."

"அடுத்த வருசமும் கூப்பிடுவினம், பிள்ளை."

கெஞ்சினேன். அழுதேன். நான் இன்னும் சின்னப்பிள்ளை இல்லை என்றேன், அழுதுகொண்டே. அம்மா சமையலறை வாசலில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் சித்தப்பா வந்தார். என் சேலையையும் முகத்தையும் பார்த்து விஷயம் புரிந்துவிட்டது. வழக்கமான விசாரிப்பு இல்லை. பேப்பரைப் பிரித்து, மூன்றாம் பக்கத்து மூலையைக் கம்பிக்கு வெளியிலிருந்தே காட்டினார். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்து அன்றோடு நூறு ஆண்டு. அந்த வருடம் கட்டம் முழுவதையும் அதற்கே கொடுத்திருந்தேன்.

"அண்ணை, இஞ்ச பாருங்கோ. உங்கட மகள் ஒரு நாட்டு அடிமையளையே விட்டிருக்கிறாள். நீங்கள் அவள் ஒருத்தியை விடேலாதோ?"

அப்பா பேப்பரை வாங்கவில்லை.

"அண்டைக்குப் போனவன் நான்," என்றார் சித்தப்பா, குரலைத் தாழ்த்தி. "நானே பயப்பிடேல்ல. நீங்கள் ஏன் அண்ணை?"

"அனுப்பினவன் நானெல்லோ," என்றார் அப்பா.

பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சித்தப்பா தானாகக் கடைக்குப் போனதாகத்தான் நினைத்திருந்தேன். அம்மாதான் மிச்சத்தையும் சொன்னார். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் அல்ல, அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதைப்போல.

"தம்பி அப்பதான் வேலையால வந்து சட்டை கழட்டினவர். பால்மா முடிஞ்சுபோச்செண்டு இவள் அழுதாள். ஒருக்காப் போட்டு வா எண்டு இவர்தான் அனுப்பினவர்."

இவள் என்றால் நான்.

சித்தப்பா பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். அப்பா எழுந்தார். மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். பூட்டில் அது சட்டென்று நுழையவில்லை. திறந்து, கிரில்லை முழுவதும் தள்ளிவிட்டு, ஓரமாக விலகி நின்றார்.

"போ பிள்ளை. கவனமாப் போட்டு வா."

அதே சொல். போட்டு வா. சித்தப்பாவையும் அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார் என்பது எனக்கு உறைத்த கணத்தில் கால் எழவில்லை. வாசல் திறந்திருந்தது. படி இறங்கினால் தெரு, தெருமுனையில் டாக்சி. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. சித்தப்பா வழிவிட்டு நின்றார், என் முகத்தைப் பார்க்காமல். நான் வாசல்நிலைக்கு உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். ரொட்டிக்காரர் வந்து, ஹார்ன் அடித்து, எங்களைப் பார்த்து என்ன நினைத்தாரோ, போய்விட்டார். பிறகு நான் அறைக்குள் போய்ச் சேலையை அவிழ்த்து மடித்தேன். பத்து மணி எப்போது ஆனது என்று கவனிக்கவில்லை.

அப்பா மறுபடி பூட்டவில்லை. அன்று முழுவதும் கிரில் திறந்தே கிடந்தது. ஒருவரும் வெளியே போகவில்லை. சித்தப்பாகூட அந்த ஒரு வருடம் உள்ளே வந்து, எங்களோடு தரையில் உட்கார்ந்து சார்டின் கறியோடு சோறு சாப்பிட்டார். உப்புக் கூடிவிட்டது என்று அம்மாவைக் கேலி செய்தார்.

ஆசிரியர் பயிற்சிக்கு மறுபடி என்னைக் கூப்பிடவில்லை. தொண்ணூறுகளில் பத்திரிகை மூடும்வரை 'இதே நாளில்' எழுதிக்கொண்டிருந்தேன். மே பதின்மூன்றுக்குப் புதிய செய்தி தேடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். பழையதையே திருப்பிப் போட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இப்போது என் மகளுக்கு இருபத்திரண்டு வயது. கோலாலம்பூரில் வேலை. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய் வருகிறாள். இன்று காலை, தலைவலி என்று சொல்லி லீவு போடேன் என்றேன். யாருக்குத் தலைவலி என்று கேட்டாள். எனக்கு என்றேன். "ம்மா, அதெல்லாம் ஹிஸ்டரி லா. எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கைப்பேசித் திரையில் அவள் இருக்கும் இடம் ஒரு நீலப் புள்ளியாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். அப்பாவிடம் இருந்தது ஒரு பூட்டு. அதைத் திறக்கவாவது முடிந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்து வெகுநாளாகிறது. எங்கள் வாசல் எந்த இடத்தில் இருந்தது என்று மகளுக்குக் காட்டப் போய், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் நின்று விழித்துவிட்டுத் திரும்பினேன். சித்தப்பா அந்த ஊரடங்கில் எங்கே ஒளிந்திருந்தார் என்பதைக் கடைசிவரை சொல்லாமலே போனார். அப்பா போனார். போன வருடம் அம்மாவும். கலவரம் என்று ஒன்று நடந்தது என் மகளுக்குத் தெரியும், சித்தப்பா காணாமல்போய் வந்ததும் தெரியும். பால்மா யாருக்காக என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. சொன்னால் அவளும் ஒருநாள் திறந்த வாசலில் நின்றுவிடுவாளோ என்று பயம். நானும் சொல்லாமல் போனால் அந்த மாலை யாரிடமும் மிச்சமிருக்காது. அதுதான் நல்லதா என்று கேட்கலாமென்றால், கேட்க ஒருவரும் இல்லை.