பீடிக் கத்தரியும் நாலு மொட்டையும்

எங்கள் வீட்டில் சோப்பை முழுதாகப் பார்த்தவர் கிடையாது. கடையிலிருந்து வந்ததும் அம்மா அதை நூலால் நாலாக அறுத்துவிடுவாள். ஒரு துண்டு கரைந்த பிறகுதான் அடுத்தது வெளியே வரும். பல்பொடி டப்பாவின் ஓட்டைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மெழுகு வைத்து அடைத்திருந்தாள். உலைக்கு முறத்தில் அரிசி போடும்போது சின்னவர்களுக்கு ஒரு பிடி, பெரியவர்களுக்கு இரண்டு பிடி என்று ஆளை நினைத்து நினைத்துப் போடுவாள். எல்லாம் போட்ட பிறகு ஒரு பிடியைத் திரும்ப எடுத்து மூலையில் இருந்த பானையில் போடுவாள். மாசக் கடைசியில் அந்தப் பானைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

இன்றைக்கு என் வீட்டில் சோப்பு முழுதாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் புதுசு பிரிக்கும்போது கை நூலைத் தேடும்.

ஊர் முக்கூடல். அப்பா அரிசி மில்லில் நெல் காயப்போடும் களத்தில் வேலை பார்த்தார். அம்மாவும் அக்காவும் பீடி சுற்றினார்கள். எனக்கு மேலே இரண்டு அண்ணன், கீழே இரண்டு தம்பி. அப்பாவின் கூடப்பிறந்த அத்தையும் புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். இத்தனை பேருக்கு நடுவில் ஒரு மாசி மாசம் அம்மாவின் தம்பி தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். தென்காசியில் அவர் வைத்திருந்த சோடாக்கடை நொடித்துப்போயிருந்தது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். வைகாசி வந்தும் இருந்தார்.

மாமாவுக்கு முடி அழகு. சுருள் சுருளாக நெற்றியில் விழும். சட்டைப்பையில் காசு இருக்காது, சீப்பு இருக்கும். வேலை தேடிப் போவார், வருவார். மற்ற நேரத்தில் வீட்டுச் செலவைக் குறைக்க வழி பார்ப்பார். பாப்பாக்குடியில் புளி மலிவு என்று நடந்தே போய் நடந்தே வருவார். எங்களை ஆற்றுக்குக் கூட்டிப்போய், சோப்பு எதற்கு, கல்லில் தேய்த்தால் போதும் என்று முதுகு சிவக்கச் சிவக்கத் தேய்த்துவிடுவார். சாயங்காலம் அம்மா முன்னால் நின்று அன்றைக்கு எதில் எதில் மிச்சம் என்று சொல்வார். அம்மா பீடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ‘சரிலே’ என்பாள். எங்களுக்கு அது ஒரு விளையாட்டு. நாங்களும் வரிசையில் நின்று எங்கள் மிச்சத்தைச் சொல்வோம்.

அத்தைக்கு மட்டும் அந்த விளையாட்டு பிடிக்கவில்லை. ஒரு நாள் பந்தியில் மாமா மறுசோறு கேட்டபோது, யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

“மிச்சம் பிடிக்கவரு ரெண்டு தரம் சோறு வாங்குதாரு.”

மாமா சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு அடிக்கடி வயிறு சரியில்லாமல் போனது. ஒரு தரம் வாங்கியதோடு எழுந்துவிடுவார்.

வைகாசியில் அக்காவைப் பெண் பார்க்கச் சேரன்மகாதேவியிலிருந்து வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அக்கா பீடித் தட்டோடு கிடக்க வேண்டியதுதான் என்று அத்தை வாய்விட்டே சொன்னாள். அப்பா வீட்டுக்கு வெள்ளை அடித்தார். அம்மா எங்கள் துணிகளை வெளுத்துப் போட்டாள். மிச்சம் இருந்தது அண்ணன் தம்பிகளின் தலை. நாலும் பரட்டை. பாலத்தடியில் முடி வெட்டும் அண்ணாச்சியிடம் நாலு பேரையும் அனுப்பக் கையில் காசு இல்லை. அந்தக் காசு பூவுக்கும் பலகாரத்துக்கும் போய்விட்டது.

“நான் எதுக்கு இருக்கேன்?” என்றார் மாமா.

அம்மாவும் அக்காவும் கடைக்குப் பீடி கொடுக்கப் போன நேரம் அது. மாமா அம்மாவின் பீடிக் கத்தரியை எடுத்தார். இலை வெட்டும்போது அளவுக்கு மேலே வைத்துக்கொள்ளும் தகரத் துண்டையும் எடுத்தார். பெரியண்ணனை முருங்கை மரத்தடியில் கவிழ்த்த வாளிமேல் உட்காரவைத்தார். தகரத்தை நெற்றியில் வைத்து, அதன் ஓரமாகவே இலை வெட்டுகிற மாதிரி வெட்டினார். முதல் வெட்டு நேராகத்தான் விழுந்தது. மாமா எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கத்தரியில் புகையிலைத் தூள் இருந்ததை அவர் நினைக்கவில்லை. தூள் மூக்கில் ஏறி அண்ணன் தும்மினான். கத்தரி உள்ளே போய் ஒரு குழி விழுந்தது. அதைச் சரிக்கட்ட இந்தப் பக்கம் எடுத்தார். அவன் மறுபடி தும்மினான். அடுத்தவன் தலையிலும் அதே கதை. கத்தரி வேறு வர வர மழுங்கி முடியைக் கடித்து இழுத்தது. இரண்டு தலையும் ஆடு மேய்ந்த வயல் மாதிரி ஆயின. பெரியண்ணன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு அப்பாவின் சவரக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணன்மார் இருவரையும் மழித்தார். தம்பிகளையும் கூப்பிட்டார். அவர்கள் தலையைத் தொடவே இல்லையே, எதற்கு என்று கேட்டேன்.

“ஏட்டி, ரெண்டு மொட்டைன்னா சொறி சிரங்குன்னு நினைப்பான். நாலு மொட்டைன்னா சாமி காரியம்லா.”

அம்மா வந்தாள். நாலு தலையும் வெயிலில் மின்னிக்கொண்டு வரிசையாக நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு கீழே கிடந்த கத்தரியை எடுத்தாள். ஊறிய இலை ஒன்றை எடுத்து வெட்டிப் பார்த்தாள். இலை மென்று போட்டது மாதிரி வந்தது.

“ஏலே, இனி இலையை எதை வச்சுலே வெட்ட?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கத்தரியைச் சாணை பிடித்தும் பழைய கூர் வரவில்லை. புதுசுதான் வாங்க வேண்டி வந்தது. நாலு முடிவெட்டுக் கூலியைவிட அது கூட. “நல்ல மிச்சம் மாப்ள” என்று அப்பா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் அப்படித்தான்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தாள். வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் நாலு மொட்டையையும் பார்த்தாள். வைத்த காலை எடுத்துவிட்டாள்.

“துட்டி வீடா?” என்றாள்.

சாவு விழுந்த வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டு ஆண்கள்தான் மொட்டை போடுவார்கள். அங்கே வந்து யாரும் பெண் பார்க்க மாட்டார்கள். காலை வைத்ததே தோஷம். பின்னால் வந்தவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள். உள்ளே அக்காவின் வளையல் சத்தம் நின்றுபோனது. அம்மா நடுவீட்டில் தாம்பாளத்தோடு நின்றாள்.

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போனார்.

“இல்லம்மா. மூத்தவளுக்கு நல்ல இடம் அமையணும்னு செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகிட்டது.”

“அமையுததுக்கு முன்னாலேயே எடுத்தாச்சோ?”

“உங்களைப் பத்தி நாலு இடத்துல விசாரிச்சோம். பொறவு என்னத்துக்குக் காக்கணும்?”

அந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எடுத்த காலைத் திரும்ப வைத்தாள். தெருவில் நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். அப்போது அவள் கண் என்மேல் விழுந்தது. எனக்கு முடி இடுப்பு வரை கிடக்கும். அக்கா கல்யாணத்துக்குத் தாழம்பூ வைத்துப் பூச்சடை பின்னுவதாக அம்மா எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

“இந்தச் சின்னவளுக்கு மட்டும் ஏன் விட்டுட்டிய?”

“அவளுக்கு, மூத்தவ கல்யாணம் முடிஞ்ச பொறவு, சந்நிதியில வச்சு” என்றார் மாமா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

சம்பந்தம் முடிந்தது. வெற்றிலை மாற்றினார்கள். நான் சடையைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் போனதும், மாமா சும்மாதானே சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டேன். சாமி பேரைச் சொல்லியாயிற்று, இனி இல்லையென்று சொல்லக்கூடாது என்றாள். அண்ணன் தம்பிகள் முடி ஆற்றோடு போயிற்று, அதையும் முருகனே வரவு வைத்துக்கொள்ளட்டும் என்றார் அப்பா. மாமாவோடு நான் ஆவணி வரைக்கும் பேசவில்லை. அவர் பேசுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஆவணியில் அக்கா கல்யாணம். பூச்சடை பின்னினார்கள். எல்லாரும் என் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அக்காவை அனுப்பிவைத்த பிறகு அம்மாவும் மாமாவும் நானும் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினோம். எல்லாரும் போனால் செலவு என்று மூன்று பேர் மட்டும். மாமா ஏனோ தகரப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்.

மொட்டை போடுகிற இடத்தில் மாமா இரண்டு சீட்டு வாங்கினார். யாருக்கு இன்னொன்று என்று அம்மா கேட்டாள். எனக்குத்தான் என்றார். அம்மா அவர் முடியைப் பார்த்தாள். மாமா சட்டையைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தார். சுருள் சுருளாக அவர் மடியில் விழுந்தது. முடிந்ததும் என்னைப் பார்த்துத் திரும்பினார்.

“பாத்தியாட்டி. வலிக்கல.”

பிறகு என்னை மடியில் உட்காரவைத்தார். மாமன் மடியில்தான் மொட்டை போட வேண்டும். எனக்கு அந்த வயது தாண்டிவிட்டது, கால் தரையில் இழுத்தது. ஆனாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் அழவில்லை. இரண்டு தலையிலும் அவரே சந்தனம் பூசினார். கடல் காற்று பட்டதும் தலை சில்லென்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அப்போதுதான் மறுபடி அவரோடு பேசினேன். தலையைத் தொட்டுப் பார்க்கவா என்று கேட்டேன்.

பஸ் நிலையத்தில் மாமா எங்களோடு ஏறவில்லை. தூத்துக்குடியில் தெரிந்தவர் ஒருவர் ஓட்டல் வைத்திருக்கிறார், அங்கே அடுப்படியில் ஆள் வேண்டுமாம் என்றார். அம்மா போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கட்டிவந்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கவில்லை. “பிள்ளை சாப்பிடட்டும்க்கா” என்றார். பிறகு ஜன்னலோரம் வந்து என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

“கண்டக்டர் கேட்டா அஞ்சு வயசுன்னு சொல்லு. மொட்டைத் தலைக்கு வயசு தெரியாது.”

கண்டக்டர் கேட்கவே இல்லை. டிக்கெட்டும் போடவில்லை. இதைச் சொன்னால் மாமா சந்தோஷப்படுவாரே என்று திரும்பிப் பார்த்தேன். பஸ் வெகுதூரம் வந்துவிட்டிருந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவது மாதிரி இருந்தாள்.

மொட்டைத் தலையோடு ஊருக்குள் வரக் கூச்சப்பட்டுத்தான் மாமா போய்விட்டார் என்று நான் நினைத்தேன். அண்ணன்மாரிடமும் அப்படியே சொன்னேன். அவர்களும் சரி என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா உலை வைத்தாள். வழக்கம்போல ஆளை நினைத்து முறத்தில் அரிசி போட்டாள். அக்காவுக்கு உள்ளதை அவள் போன மறுநாளே குறைத்திருந்தாள். எல்லாம் போட்டுவிட்டு, எப்போதும் எடுக்கும் பிடியைத் திரும்ப எடுத்துப் பானையில் போட்டாள். பிறகு இன்னும் இரண்டு பிடி எடுத்தாள். அதை உடனே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள். உலை கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் கூப்பிட்ட பிறகுதான் மூலைப் பானைப் பக்கம் திரும்பினாள்.

கல்யாணச் செலவு, அதனால் அம்மா இன்னும் சிக்கனம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். மாமாவுக்கு முடி வளர்ந்ததும் வந்துவிடுவார், அப்போது அந்த இரண்டு பிடியையும் கூட்டிவிடுவாள் என்றும் நினைத்தேன். அவருக்கும் எனக்கும் ஒரே நாளில்தானே எடுத்தது. தினமும் என் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

தைக்கு முடி காதைத் தொட்டது. அடுத்த வருஷம் தோளில் விழுந்தது. அம்மா பிடியைக் கூட்டவில்லை.