வரவேற்பு மேசைக்காரி படித்த ஆங்கிலம்

அந்த ஓட்டலில் அவளுக்கு ‘கிராமர்’ என்று பட்டப்பெயர். டெலிபோன் பிரிவில் இருந்த அக்கா வைத்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் எப்போதும் முதல் மார்க் வாங்கியவள். வரவேற்பு மேசையில் நின்று விருந்தினரோடு பேசும்போது ஒரு வாக்கியத்தில் பிசகு இருக்காது. மேனேஜரே கடிதம் எழுதினால் ஒரு தடவை அவளிடம் நீட்டிப் பார்க்கச் சொல்வார். கணவன் டயர் கடையில் வேலை செய்தான். அதிகம் பேசாத ஆள். அவனுக்கு மனைவியின் ஆங்கிலத்தில் பெருமை உண்டு என்பதே கடைக்காரர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

பக்கத்து ஆலையில் ஏதோ இயந்திரம் பொருத்துவதற்காக வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவன் வந்து தங்கினான். மாலையில் வேலை முடிந்து வந்தால் நேரே அறைக்குப் போகமாட்டான்; மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவளிடம் பேச்சுக் கொடுப்பான். ஒருநாள், இன்று இரவு கொஞ்சம் ‘கம்பெனி’ கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றான். துணை என்ற பொருள் அவளுக்குத் தோன்றவில்லை; ஆலையைப் பற்றிச் சொல்கிறான் என்று நினைத்து, கம்பெனியிலிருந்து காலையில்தான் ஆட்கள் வருவார்கள் என்று பணிவாகப் பதில் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். விருந்தினர் சிரித்தால் நல்லதுதானே என்று அவளும் சிரித்தாள்.

இன்னொரு நாள், எத்தனை மணிக்கு ‘கெட் ஆஃப்’ ஆவாய் என்று கேட்டான். பஸ்ஸிலிருந்து இறங்குவதற்குத்தான் பாடப்புத்தகத்தில் அந்தச் சொல் வந்திருந்தது; வேலை முடிந்து கிளம்புவதற்கும் அதுதான் என்று அவளுக்குத் தெரியாது. எதற்கு இவனுக்கு இந்த அக்கறை என்று தோன்றினாலும், எட்டரை மணிக்கு என்றாள். எட்டரை மணிக்கு அவள் வீட்டருகே பஸ்ஸைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் தலைவாரி, சென்ட் பூசி, ஓட்டல் முன்கூடத்து சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் தன்னை ‘லீட் ஆன்’ பண்ணுகிறாள் என்பது அவன் புகார். லீட் என்றால் வழிகாட்டுவது. புது ஊருக்கு வந்தவனுக்கு வழிகாட்டியதைப் பாராட்டுகிறான் என்று அவள் மனம் குளிர்ந்தது. “தேங்க் யூ சார். அது என் கடமை” என்றாள்.

மேனேஜரின் முகம் செத்துப்போனது. அன்றைக்கே அவளைத் துணிக்கிடங்குக்கு மாற்றிவிட்டார்.

படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தவளிடம் டெலிபோன் அக்காதான் வந்து விளக்கினாள். “அடிப்பாவி, அதுக்கு ஆசை காட்டி மோசம் பண்றதுன்னு அர்த்தம்டி. நீ பாட்டுக்குத் தேங்க்ஸ் சொல்லிட்டு வந்திருக்க.”

அவளுக்குக் காது இரண்டும் சூடேறியது. மேனேஜரிடம் ஓடிப்போய் நடந்ததைச் சொன்னாள். இத்தனை இங்கிலீஷ் தெரிந்தவளுக்கு இது மட்டும் தெரியாதா என்று அவர் நம்ப மறுத்துவிட்டார். கண் தெரியாத இடத்தில் கால் வைத்துவிட்டு, கண் இருக்கிறதே என்பதற்காக அடிபடுவது போலிருந்தது. அவள் அழவில்லை. அடுத்தடுத்து விரிப்புகளை மடித்து அடுக்கினாள்.

அதற்குப் பிறகு அவள் கைபேசியில் பாடங்கள் தேட ஆரம்பித்தாள். நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கென்றே ஒரு வரிசை இருந்தது. சரசமாகப் பேசுவது, ஜாடை பேசுவது, ஒன்றைச் சொல்லி வேறொன்றைக் கேட்பது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எந்தக் கூச்சமும் இல்லாமல், கணக்குச் சொல்லித்தருவதுபோல விளக்கினாள். மேலே வந்து காபி சாப்பிடுகிறாயா என்றால் அது காபி இல்லை. நீ ஆபத்தானவள் என்றால் அது திட்டு இல்லை. தனக்கு அத்துபடி என்று நினைத்திருந்த சொற்களுக்கெல்லாம் இன்னொரு வீடு இருந்ததும், அங்கே அவை வேறு மாதிரி நடந்துகொள்வதும் அவளுக்குத் திகிலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் குளிக்கப் போனபோது கணவன் அந்தக் கைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவன் சாப்பாட்டு மேசையில் கல்லாக உட்கார்ந்திருந்தான். ஓட்டல் பேச்சு டயர் கடைவரை ஏற்கெனவே வந்திருந்தது.

“யார்கிட்ட பேசுறதுக்கு இதெல்லாம் படிக்கிற?” என்றான்.

அவள் எதிரே உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். கம்பெனி, எட்டரை மணி, தேங்க் யூ, எல்லாம். சொல்லிமுடிக்கும்வரை அவன் நிமிரவில்லை. பிறகு கைபேசியை அவள் பக்கம் தள்ளினான்.

“அவன் சொன்ன மாதிரி நான் சொல்றேன். நீ பதில் சொல்லு. பழகிக்க.”

அந்த ஆங்கில வரிகளை அவள் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்க, அவன் எழுத்துக்கூட்டி, டயருக்குக் காற்றடிக்கும் குரலில் வாசித்தான். உன் கண்கள் அழகாக இருக்கின்றன. நீ சிரித்தால் எனக்குத் தூக்கம் வராது. அவள் பணிவாகவும் உறுதியாகவும் மறுத்தாள். நாலைந்து வரி போனதும், என்ன சொல்கிறோம் என்று அவனுக்கே விளங்கி, காது மடல் சிவந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததில்லை. மறுக்க வேண்டிய இடத்தில் அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“போதுங்க” என்றாள்.

“இல்ல, இன்னும் இருக்கு” என்று அவன் அடுத்த வரியைத் தேடினான்.

புது மேனேஜர் வந்தபோது அவள் மறுபடியும் மேசைக்கு வந்தாள். இப்போது எந்தச் சொல்லும் அவளைத் தாண்டிப் போகவில்லை. ஒருவன் குரலை இழைத்தாலே பதில் தயாராக இருந்தது. ஆனால் பழைய சிரிப்புப் போய்விட்டது. யார் நல்ல வார்த்தை சொன்னாலும் அதைத் தட்டிப் பார்த்தாள்; உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று.

அந்தச் சமயத்தில்தான் ஒரு வெளிநாட்டுக் கிழவர் வந்து தங்கினார். பக்கத்து மருத்துவமனையில் மனைவியைச் சேர்த்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சாவி வாங்கும்போது, கண்ணே, நீ நின்றால்தான் இந்த இடத்துக்கு வெளிச்சம் என்றார். வேலைக்கான பேச்சோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று அவள் படித்த வாக்கியத்தை அப்படியே எடுத்து வீசினாள். அவர் திடுக்கிட்டு, மன்னிப்புக் கேட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சில நாள் கழித்துக் காலையில் ஓட்டல் டிரைவர் சொன்னான், மருத்துவமனையில் இருந்த கிழவரின் மனைவி விடியும்போது இறந்துவிட்டார் என்று. கொஞ்ச நேரத்தில் கிழவர் பெட்டியோடு இறங்கி வந்தார். ஒரு கைப்பையின் வாயில் பெண்கள் போடும் செருப்பு ஒன்று தெரிந்தது. அவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து அவர் முன்னால் நின்றாள். அன்றைக்கு உங்களைத் தவறாக நினைத்துவிட்டேன் என்று சொல்லத் தொடங்கினாள்; அத்தனை வருஷ கிராமரும் காலை வாரிவிட, வாக்கியம் பாதியில் நின்றது.

அவர் அவள் கையைத் தொடவில்லை. தொப்பியை மட்டும் கழற்றினார். அவள் அப்படிப் பேசிய அன்று மாலை மருத்துவமனையில் நடந்ததை மெதுவாகச் சொன்னார். எல்லாப் பெண்களிடமும் இப்படிப் பேசி என்றைக்காவது ஒருத்தியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாய் என்று அவர் மனைவி ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று இவர் போய்ச் சொன்னதும், அந்த நிலையிலும் சிரித்தாளாம். நன்றாகக் கொடுத்தாளா என்று கேட்டாளாம். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை என்றார்.

அவள் பெட்டியைத் தூக்கிப்போய்க் காரில் வைத்தாள். கார் திரும்பும்வரை வாசலில் நின்றாள்.

மறுநாள் அவள் மேசையில் நின்றாள். வியாபாரி போலிருந்த ஒருவன் சாவியை வாங்கும்போது அவள் விரலைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னான். சொல் அவளுக்குப் பழகியதுதான். அவள் படித்துவைத்த எந்த வாக்கியத்தையும் எடுக்கவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்து, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும் குரலில், “அப்படின்னா என்ன அர்த்தம், சார்?” என்று கேட்டாள்.

அவன் ஒன்றுமில்லை என்று முனகிவிட்டு லிஃப்டைப் பார்த்து நடந்தான். அவள் அடுத்து நின்ற பெண்மணிக்கு வணக்கம் சொன்னாள்.